ஆசான்கள் வந்த வழி

ஒரு பள்ளியைப் பற்றி யாரேனும் நம்மிடம் பேசத் தொடங்கினால், நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கட்டடம் எப்படி, மாணவர் எத்தனை பேர், தேர்ச்சி நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்போம். ஆசிரியர்களைப் பற்றிக் கேட்டால், அவர்கள் பெற்ற பட்டங்களைக் கேட்போம். அந்த ஆசிரியர் எந்த வீட்டில் பிறந்தார், எந்தத் தெருவில் வளர்ந்தார், ஆசிரியர் ஆவதற்கு முன் அவருடைய கைகள் என்ன வேலை செய்துகொண்டிருந்தன என்று கேட்பவர் மிகச் சிலரே. 34 ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்து, அவற்றுள் பிற்பகுதியைத் தலைமையாசிரியனாகக் கழித்த நானும் அவ்வாறு கேட்டதில்லை. கேளாமல் விட்டதனால் ஒரு பிழையும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒரு கலைப்பள்ளியின் ஆசிரியர்கள். அங்கே உருவான ஓவியங்களையும் சிற்பங்களையும் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். அவற்றைக் கற்றுக்கொடுத்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், வரும்போது எதைக் கொண்டு வந்தார்கள் என்பதை மட்டும் நாம் இன்று காண்போம்.

மேற்கு வங்காளத்தில் பீர்பூம் மாவட்டத்திலே, போல்பூர் என்னும் ஊரை அடுத்துச் சாந்திநிகேதன் இருக்கிறது. மேடும் பள்ளமுமான செம்மண் நிலம், பனைமரங்கள், சுற்றிலும் சந்தாலப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். தேவேந்திரநாத் தாகூர் தியானத்துக்கென்று 1863ஆம் ஆண்டில் பெற்ற அந்த இடத்திலே, அவருடைய மகன் இரவீந்திரநாதர் 1901இல் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். 1919இல் அங்கே கலா பவனம் என்னும் கலைப்பள்ளி தோன்றியது. 1921இல் விசுவபாரதி நிறுவப்பெற்றது. 1951இல் அது மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இவையெல்லாம் பின்னால் வந்த பெருமைகள். தொடக்கத்தில் கலா பவனம் ஓர் ஆசிரமத்து ஊரின் கலைக்கூடம், அவ்வளவுதான். ஊருக்கு ஒரு விழா என்றால் அதற்கு அணி செய்வது அதன் வேலை. மரம் நடும் விழாவுக்குக் கோலமிட வேண்டும். ஏர் பூட்டும் விழாவுக்குத் தரையை அழகு செய்ய வேண்டும். குருதேவர் எழுதிய நாடகத்துக்கு மேடையும் உடையும் அமைக்க வேண்டும். புதிதாய் எழும் வீட்டின் சுவரில் படம் எழுத வேண்டும். அருகிலே 1922இல் தொடங்கிய ஸ்ரீநிகேதன் என்னும் கிராமப் பணி நிலையத்தோடும் அதற்கு உறவு உண்டு. கலையைப் பூட்டிவைக்கும் கூடமாக இல்லாமல், ஊரோடு கூடி வாழும் பள்ளியாக அது வளர்ந்தது.

அப்படிப்பட்ட பள்ளிக்கு ஆசிரியர்களை எங்கே தேடுவது?

இந்தக் கேள்விக்கு விடை காணுமுன், பள்ளியை நிறுவியவரையே ஒரு முறை நோக்குங்கள். இரவீந்திரநாதர் எந்தப் பள்ளியிலும் நிலைத்துப் படித்தவர் அல்லர். நான்கு சுவர்களுக்குள் அடைபட்ட வகுப்பறை அவருக்குச் சிறைபோலத் தோன்றியது. இலண்டனுக்குப் படிக்கச் சென்று, பட்டம் பெறாமலே திரும்பினார். ஓவியமும் அவர் முறையாகப் பயின்றதன்று. கவிதை எழுதும்போது அடித்துத் திருத்திய கோடுகளிலிருந்து உருவங்களை வளர்த்து, அறுபது வயதைக் கடந்த பின்னரே ஓவியராக மலர்ந்தார். 1930இல் பாரிஸ் நகரில் அவருடைய ஓவியங்கள் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பெற்றபோது அவருக்கு வயது 69. பள்ளியில் நிலைக்காத ஒருவர் பள்ளி நடத்தினார். முதுமையில் தூரிகை எடுத்த ஒருவர் கலைப்பள்ளிக்கு வித்திட்டார். ஆதலால், வாசலில் வந்து நிற்பவரிடம் அவர் கேட்ட கேள்வி வேறாக இருந்ததில் வியப்பில்லை.

அவர் தேடிக் கொணர்ந்தவர்களுள் தலையாயவர் நந்தலால் போஸ். 1882இல் பீகாரைச் சேர்ந்த கரக்பூரில் பிறந்தவர். தந்தையார் தர்பங்கா ஜமீனில் பணியாற்றியவர். தாயார் க்ஷேத்ரமணி தேவி, வீட்டில் கிடைத்தவற்றைக் கொண்டே மகனுக்குப் பொம்மைகள் செய்து தந்த கைத்திறம் வாய்ந்தவர். குயவர்கள் மண்ணைப் பிசைந்து தெய்வ உருவங்கள் சமைப்பதைச் சிறுவன் நந்தலால் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பானாம். பின்னர்க் கல்கத்தாவில் கல்லூரியில் சேர்த்தார்கள், தேர்வில் தேறவில்லை. வணிகப் படிப்பில் சேர்த்தார்கள். அதிலும் மனம் ஒன்றவில்லை. இறுதியில் வீட்டாரை இணங்கச் செய்து, அரசினர் கலைப்பள்ளியிலே அவனீந்திரநாத் தாகூரிடம் மாணவராகச் சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ஹெரிங்ஹாம் அம்மையாரின் குழுவோடு சென்று, அஜந்தா குகைச் சுவரோவியங்களைப் பார்த்துப் படியெடுத்தார்.

தேர்வில் தோற்ற அந்த மாணவரே கலா பவனத்தின் தலைவராகி, 1951 வரை அதை நடத்தினார். அவர் கற்பித்த முறையை நோக்குங்கள். தாயின் கைப்பொம்மையையும் குயவரின் சுழலும் சக்கரத்தையும் அவர் மறக்கவில்லை. உயர்ந்த கலை, தாழ்ந்த கைத்தொழில் என்ற வேற்றுமையைத் தம் பள்ளிக்குள் நுழைய விடவில்லை. 1938இல் குஜராத்தின் ஹரிபுரா என்னும் சிற்றூரில் காங்கிரஸ் மாநாடு கூடியது. கிராமத்து மக்கள் வந்து போகும் வழியிலேயே கலை இருக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். நந்தலால் கைத்தாளை எடுத்து, மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் பெற்ற வண்ணங்களைக் குழைத்து, மத்தளம் கொட்டுவோரையும், உழவரையும், தச்சரையும், தையற்காரரையும், குழந்தைக்குப் பாலூட்டும் தாயையும் எழுதினார். அவர் தம் கையாலேயே எழுதியவை 80க்கு மேற்பட்டவை. மாநாட்டுக்கு வந்த உழவன் தலை நிமிர்ந்து பார்த்தபோது தன்னையே அங்கே கண்டான். பின்னர் இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் படிக்கு அணி செய்யும் பணியும் நந்தலாலிடமும் அவருடைய மாணவர்களிடமும் வந்து சேர்ந்தது. தேர்வுத் தாளில் தேறாத கை, நாட்டின் தலையாய ஏட்டை அலங்கரித்தது.

நந்தலால் தம்மோடு கற்பிக்க யார் யாரை அழைத்துக்கொண்டார் என்பது இன்னும் சுவையான செய்தி.

கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த சுகுமாரி தேவி என்னும் ஒரு கைம்பெண். அக்காலத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு வீட்டின் மூலையன்றி வேறிடம் ஏது? ஆனால் அவருடைய விரல்களிலே ஆல்பனா என்னும் கோலக்கலை குடியிருந்தது. அரிசி மாவைக் கரைத்து, துணித் துண்டை அதில் நனைத்து, விரல் வழியே வழியவிட்டுத் தரையில் கொடியும் பூவும் வரைவது ஆல்பனா. நம் வீடுகளில் விழா நாளில் இடும் மாக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நோன்பு நாட்களில் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த இந்தக் கலையைப் பாடமாக வைத்து, அதைக் கற்பிக்கச் சுகுமாரி தேவியை ஆசிரியராக அமர்த்தினார்கள். தையல் பூவேலையும் அவர் கற்பித்தார். நந்தலாலின் மகள் கௌரி பஞ்ஜா முதலியோர் அந்தக் கோல மரபை மேலும் வளர்த்தனர். வீட்டு வாசலோடு முடிந்துபோயிருக்க வேண்டிய ஒரு திறமை, ஒரு கல்லூரியின் துறையாயிற்று.

சுவரோவியம் கற்பிக்க ஜெய்ப்பூரிலிருந்து நரசிங்லால் என்னும் கைவினைஞரை வரவழைத்தார்கள். அவர் பரம்பரையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஓவியம் எழுதும் மரபைச் சேர்ந்தவர். நீற்றிய சுண்ணாம்பை நெடுநாள் நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி, சுவரில் மெல்லப் பூசி, ஈரம் உலருமுன் வண்ணத்தை ஏற்றி, தட்டி உள்ளே இறக்கி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது அவர் தொழில். எந்தப் புத்தகத்திலும் முழுமையாகக் கற்றுக்கொள்ள முடியாத வித்தை அது. ஈரம் எப்போது சரியாக இருக்கிறது என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். நாடறிந்த ஓவியராகிய நந்தலாலும் அவருடைய மாணவர்களும் அந்தக் கைவினைஞரின் அருகில் நின்று, சாந்து குழைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஓர் ஆசிரியர் தம் மாணவர்கள் கண்முன்னே இன்னொருவரிடம் மாணவராக அமர்ந்தால், அதைவிடச் சிறந்த பாடம் எது?

இனி நான் சொல்லப்போகிறவர், என் நெஞ்சை மிகவும் தொட்டவர். ராம்கிங்கர் பெய்ஜ் என்பது அவர் பெயர். 1906இல் பாங்குராவில், முடிதிருத்தும் தொழில் செய்து பிழைத்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பக்கத்திலே தெய்வ உருவங்கள் செய்யும் கைவினைஞர்களிடம் மண்ணைக் கையாளக் கற்றுக்கொண்டார். நாடகக் கொட்டகைகளுக்குத் திரைச்சீலைகள் எழுதினார். ஒத்துழையாமை இயக்கம் நடந்த நாட்களில் தலைவர்களின் உருவப் படங்களை எழுதிக் கொடுத்தார். அதே பாங்குரா ஊரினரும் பெரும் பத்திரிகையாசிரியருமான இராமானந்த சட்டர்ஜி அந்த இளைஞரின் கைத்திறத்தைக் கண்டார். 1925இல் அவரைச் சாந்திநிகேதனுக்கு வரச் செய்தார்.

நண்பர்களே, அந்தக் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். வறிய வீட்டிலிருந்து, நாடகத் திரை எழுதிய கையோடு, கல்லூரிப் பட்டம் ஏதுமின்றி ஒரு 19 வயது இளைஞர் வந்து நிற்கிறார். அவருடைய படங்களை நந்தலால் பார்க்கிறார், தங்கச் சொல்கிறார். தங்கியவர், மாணவராயிருந்து ஆசிரியராகி, சிற்பத் துறையையே வளர்த்து, 1980இல் இறக்கும் வரை சாந்திநிகேதனையே தம் ஊராகக் கொண்டார்.

மேனாட்டிலிருந்து வந்து தங்கிய சிற்பிகளிடம் அவர் புதிய முறைகளைக் கற்றுக்கொண்டார் என்பதையும் மறத்தலாகாது. ஆனால் வெண்கலம் வார்க்கப் பணமில்லை. பளிங்கு வாங்க வழியில்லை. அவரோ பொருளுக்காகக் காத்திருக்கவில்லை. சிமெண்டையும், காலடியில் கிடந்த செம்மண் சரளைக் கல்லையும் குழைத்தார். அதைக்கொண்டு 1938இல் அவர் சமைத்ததுதான் 'சந்தாலக் குடும்பம்' என்னும் சிற்பம். காவடித் தண்டைத் தோளில் தாங்கி ஒரு சந்தாலர் நடக்கிறார், உடன் மனைவி, கூடையிலே குழந்தை, காலருகே ஒரு நாய். வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் உழைப்பாளிக் குடும்பம். அதுவரையில் பெருஞ்சிலை என்றால் அரசனுக்கும் ஆளுநனுக்குமே என்றிருந்த நாட்டிலே, கூலி வேலைக்குப் போகும் குடும்பம் ஆள் உயரத்தைக் கடந்து வெட்டவெளியில் எழுந்து நின்றது. 1956இல் அவர் சமைத்த 'ஆலைச் சங்கு' என்னும் சிற்பமும் அத்தகையதே: சங்கொலி கேட்டு ஆலைக்கு விரையும் சந்தாலப் பெண்கள், காற்றில் பறக்கும் ஆடை.

பளிங்கில் பயின்ற ஒருவருக்குச் சரளைக்கல் கண்ணில் பட்டிருக்குமா? உழைப்பவர் வீட்டில் பிறவாத ஒருவருக்கு அந்தக் குடும்பத்தின் நடை அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆயினும், ராம்கிங்கருக்கு அது தெரிந்ததற்குக் காரணம் அவர் வந்த வழிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னோர் ஆசிரியர் பினோத் பிஹாரி முகர்ஜி. 1904இல் கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்தவர். பிறக்கும்போதே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றிலும் பார்வை மிகக் குறைவு. உடல்நலமும் சரியில்லை. மற்றப் பள்ளிகளில் நிலைத்துப் படிக்க இயலாத அந்தச் சிறுவர் 1917இல் சாந்திநிகேதன் பள்ளிக்கு வந்தார். 1919இல் கலா பவனம் தொடங்கியபோது, அதன் முதல் மாணவர் சிலருள் ஒருவரானார். கண் தெரியாத பிள்ளைக்கு ஓவியம் எதற்கு என்று கேட்க எல்லோருக்கும் வாய் வரும். அங்கே அவ்வாறு கேட்டு அவரை வெளியே அனுப்பவில்லை.

அவர் அங்கேயே ஆசிரியரானார்; நூலகத்தையும் கவனித்துக்கொண்டார். நெருங்கிப் பார்த்தாலன்றித் தெளியாத கண்ணோடு, 1946, 1947ஆம் ஆண்டுகளில் ஹிந்தி பவனத்தின் சுவர்களில் கபீர்தாசர், சூர்தாசர், துளசிதாசர் முதலிய அருளாளர்களின் வாழ்வைப் பெருஞ்சுவரோவியமாக எழுதினார். முழு அளவில் முன்வரைவு எழுதிச் சுவரில் ஒற்றிக்கொள்ளாமல், ஈரச் சாந்தின்மீது நேரே எழுதினார் என்பது கலைஞர்கள் வியந்து பேசும் செய்தி. பின்னர் நேபாளம், இராஜஸ்தானம் முதலிய இடங்களில் பணியாற்றினார். ஐம்பது வயதைக் கடந்த நிலையில், கண்ணில் செய்த அறுவை மருத்துவம் பயனளியாமல் எஞ்சியிருந்த பார்வையையும் இழந்தார்.

அதன் பின் அவர் என்ன செய்தார்? 1958இல் கலா பவனத்துக்கே திரும்பி வந்து, கலை வரலாறு கற்பித்தார். கண்ணால் காண முடியாத ஓவியங்களை நினைவிலிருந்து எடுத்து, சொல்லால் வகுப்பில் தீட்டிக் காட்டினார். வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். விரலால் தடவித் தடவிச் சிறு உருவங்கள் சமைத்தார். 1972இல் ஓடுகளால் ஆன ஒரு சுவரோவியத்தையும் அமைத்தார். 1940 முதல் 1942 வரை அவரிடம் பயின்ற ஒரு மாணவர், அவரைப் பற்றி 1972இல் 'தி இன்னர் ஐ' என்னும் குறும்படம் எடுத்தார். அகக்கண் என்று நாம் அதைச் சொல்லலாம். அந்த மாணவர் யார் தெரியுமா? உலகம் போற்றிய திரைப்படக் கலைஞர் சத்யஜித் ராய்.

இந்தச் சங்கிலியில் தமிழோடு தொடர்புடைய ஒரு கண்ணியும் உண்டு. கே. ஜி. சுப்பிரமணியன் 1924இல் கேரளத்துக் கூத்துபறம்பில், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அதனால் அரசினர் கல்லூரிகளின் கதவுகள் அவருக்கு அடைபட்டன. அடைபடாத கதவு ஒன்று சாந்திநிகேதனில் இருந்தது. 1944இல் அங்கே சேர்ந்தார். ஹிந்தி பவனத்துச் சுவரோவியத்தில் பினோத் பிஹாரிக்குத் துணை நின்றவர்களுள் அவரும் ஒருவர். பின்னர்ப் பரோடாவில் பல்லாண்டுகள் கற்பித்து, 1980இல் கலா பவனத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார். பொம்மை செய்வதையும் நெசவையும் ஓவியத்துக்கு நிகராகப் போற்றினார். 2016இல் மறையும் வரை அவர் கை ஓயவில்லை.

தேர்வில் தோற்றவர் ஒருவர். கைம்பெண் ஒருவர். பரம்பரைக் கைவினைஞர் ஒருவர். நாடகத் திரை எழுதியவர் ஒருவர். பார்வை குன்றியவர் ஒருவர். சிறை சென்றதனால் கல்லூரியை இழந்தவர் ஒருவர். வேறோர் இடமாக இருந்தால் இவர்களுடைய விண்ணப்பங்கள் எந்தப் பெட்டியில் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எதை உலகம் குறை என்று குறித்துக்கொள்ளுமோ, அதிலிருந்தே இவர்கள் தத்தம் பாடத்தை எடுத்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, பயிற்சி வேண்டா, சான்றிதழ் வேண்டா என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளலாகாது. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். அந்தப் பயிற்சியால் பயனடைந்தவன். நந்தலால் அவனீந்திரரிடம் பயின்றார். ராம்கிங்கர் வந்தவர்களிடமெல்லாம் கற்றார். பினோத் பிஹாரி ஜப்பான் வரை சென்று கற்றார். பிறந்த வீடு கொடுப்பது விதை. பயிற்சி என்பது உழவும் நீரும். உழாத நிலத்தில் விதை காய்ந்துபோகும் என்பது உண்மை. ஆனால், விதை இருக்கிறதா என்று பாராமல் நிலத்தின் பட்டாவை மட்டும் பார்ப்பவன் என்ன உழவன்?

அத்தகைய உழவனாக நான் ஒரு முறை இருந்தேன். தொடக்கத்தில் சொல்கிறேன் என்ற பிழை இதுதான்.

1999ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஓய்வு பெற்றார். அவ்விடத்துக்கு அரசு ஆசிரியரை அனுப்பக் காலமாகும் என்று தெரிந்தது. அதுவரையில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வாயிலாக ஒருவரைச் சிறு ஊதியத்தில் அமர்த்திக்கொள்ள வழியிருந்தது. செய்தி அறிந்து ஒருவர் என்னைக் காண வந்தார். வயது நாற்பதுக்கு மேலிருக்கும். கையில் கோப்பு எதுவுமில்லை. துணிச்சுருள் ஒன்று இருந்தது. அதை என் அறையின் தரையிலே விரித்தார். நாடகக் குழு ஒன்றுக்கு அவர் எழுதிய படுதா அது. அடர்ந்த காடு, நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை, பாதையின் முடிவில் மாலை வெயில்.

"எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நாடகக் கொட்டகையில் ஐயா. என் தகப்பனார் படுதா எழுதினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்."

"ஓவியத் தேர்வு ஏதேனும் எழுதியிருக்கிறீர்களா?"

"இல்லை ஐயா. காட்டுவதற்குத் தாள் இல்லை. ஒரே ஒரு வகுப்பு விட்டுப் பாருங்கள். பிள்ளைகள் சொல்லட்டும்."

சான்றிதழ் இல்லாதவரை வகுப்பில் விட்டால் நாளைக்கு யாரேனும் கேள்வி கேட்பார்கள் என்று நான் அஞ்சினேன். கேள்வி கேட்டிருக்கவும் கூடும். ஆனால் விடை சொல்லும் துணிவு எனக்கு இருந்திருக்க வேண்டும். அது இல்லை. "பார்க்கலாம்" என்றேன். 'பார்க்கலாம்' என்பதன் பொருள் அவருக்குத் தெரியும். படுதாவை மெல்லச் சுருட்டிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அதன் பின் ஈராண்டுகள் ஓவியப் பாடவேளையில் கணக்கு நடந்தது. ஈராண்டு மாணவர்கள் தூரிகையைத் தொடாமலே மேல்வகுப்புக்குச் சென்றார்கள்.

சில காலம் கழிந்து, பள்ளியின் பெயர்ப் பலகை மழையில் மங்கிவிட்டதென்று அதைப் புதுப்பிக்க ஆள் தேடினோம். "முன்பு எழுதியவரையே கூப்பிடலாமே" என்றார் காவலர். யார் என்று கேட்டேன். படுதாவோடு வந்து போன அதே மனிதர். நாள்தோறும் காலையில் நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்த அந்த எழுத்துகள் அவர் கை எழுதியவை. என் பள்ளியின் பெயரை எழுதத் தகுதியான கையை, என் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுதியற்றது என்று நான் அனுப்பியிருந்தேன். தேடிச் சென்றபோது வீடு பூட்டியிருந்தது. அச்சுப் பதாகைகள் வந்த பிறகு கையால் எழுதும் பலகைக்கு வேலை குறைந்துவிட்டது; பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பின் சாந்திநிகேதனைக் காணச் சென்றேன். சந்தாலக் குடும்பத்தின் முன்னே நெடுநேரம் நின்றேன். சிமெண்டுக்கு நடுவே சரளைக்கற்கள் தெரிந்தன. இதைச் செய்தவர் இளமையில் நாடகத் திரை எழுதியவர் என்று உடன் வந்தவர் சொன்னபோது, என் அறையின் தரையில் விரிந்த அந்தக் காடும் ஒற்றையடிப் பாதையும் கண்முன் வந்தன. 1925இல் அந்த இளைஞரின் படங்களைப் பார்த்தவர் என்னைப்போல் ஒருவராக இருந்திருந்தால், இந்தச் சிற்பம் இங்கே இருக்குமா என்று எண்ணினேன். விடை எனக்குத் தெரிந்ததுதான். வெயில் தாழ்ந்த பின்னரே அங்கிருந்து நகர்ந்தேன்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டு செய்திகள்.

பள்ளியில் சேர்க்கைப் படிவம் நிரப்பும்போது, தந்தையின் தொழில் என்ன என்று கேட்போம். அந்தக் கேள்வி வந்தவுடன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். சிலர் தலை குனிந்துகொள்வார்கள். சிலர் 'கூலி' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படித் தாழ்த்த வேண்டியதில்லை. உங்கள் தாய் வாசலில் இடும் கோலத்தில் கணக்கு இருக்கிறது. உங்கள் தந்தை கூரை வேயும்போது கட்டும் முடிச்சில் ஒரு கல்வி இருக்கிறது. சுகுமாரி தேவிக்கும் ராம்கிங்கருக்கும் அந்தக் கல்விதான் முதல் முதலாக அமைந்தது. அதன்மேல் புத்தகக் கல்வியைக் கட்டுங்கள். அதை மறைத்துவிட்டுக் கட்டாதீர்கள்.

மற்றொன்று, உங்களுள் சிலர் நாளை தலைமையாசிரியர் ஆவீர்கள். சிலர் அலுவலகங்களில் அதிகாரிகளாக அமர்வீர்கள். உங்கள் வாசலுக்கும் ஒருநாள் ஒருவர், கையில் தாளின்றி, துணிச்சுருளோடு வருவார். சட்டத்தை மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்காவது உங்கள் மனம் இடங்கொடுக்கட்டும். சுருளை விரித்துப் பாருங்கள். ஒரு வகுப்புக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் சொல்லட்டும் என்றாரே அவர். அந்தச் சோதனையைவிட நேர்மையான தேர்வு எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அவருக்கு அந்த ஒரு வகுப்பைக் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுங்கள்.